அறுபத்து நான்காம் அறை

முழங்காலுக்கு அடியில் பழைய தலையணையைப் போட்டுக்கொண்டு, அறுபத்து நான்காம் அறையை எங்கே வைப்பது என்று மாமா முழித்துக்கொண்டிருக்கிறார். உள்ளங்கை அகலக் காகிதம். வலது பக்கம் வைக்கிறார், எடுக்கிறார், கொண்டுபோய் இடது பக்கம் வைக்கிறார். "இது ஏன் இப்படி இடிக்குது?" என்று தரையைப் பார்த்துக் கேட்கிறார். வேறு யாரைக் கேட்பார்? பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இதெல்லாம் தெரியாது, அக்காவோ அவரோடு சரியாகப் பேசி இரண்டு நாளாகிறது.

மாமா என் அக்காவின் கணவர். டைல்ஸ் போடுவது தொழில். நூல் கட்டி, குமிழி நடுவில் நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்து, துளி பிசகினாலும் பெயர்த்துவிட்டு மறுபடி போடுகிற ஆள். வலது காதில் எப்போதும் பென்சில். தூங்கும்போதும் இருக்கும் என்று அக்கா சொல்வாள். ஒரு நிமிடம் இரவல் கேட்டால், "கடையில நிறைய விக்குது, வாங்கிக்கோ மாப்ளே" என்பார். அக்காவுக்கும் இதே பதில்தான்.

வீடியோ கேம் ஆடுவது அக்கா. மகள் வெளியூருக்கு வேலைக்குப் போகும்போது விட்டுப்போனது. கையில் விளக்கோடு ஒரு பெண் சுரங்கத்துக்குள் அறை அறையாக நடக்கிறாள். அக்கா சோபாவிலிருந்து ஒவ்வொரு அறையாகச் சொல்ல, மாமா வரைந்து கூடத்துத் தரையில் ஒட்டுவார். மகள் போன பிறகு "சாப்பிட்டாச்சா?", "கதவைச் சாத்தியாச்சா?" என்ற இரண்டே கேள்விகளில் ஓடிக்கொண்டிருந்த வீடு இது. இந்தச் சுரங்கம் வந்த பிறகு விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள். எனக்கு அதில் சொல்ல முடியாத சந்தோஷம்.

அறுபத்து நான்கு வந்து எல்லாவற்றையும் கெடுத்தது. அறுபத்து ஒன்றிலிருந்து வலப்பக்கமாகவே மூன்று கதவு தாண்டினால் அந்த அறை. அதன் வலது கதவையும் திறந்தால் மறுபடி அறுபத்து ஒன்று! அதுவோ தரையில் மூன்று காகிதம் இடப்பக்கம் தள்ளிக் கிடக்கிறது.

"நேரா போனா எப்படித் திரும்பி வருவே? நடுவுல எங்கயோ வளைஞ்சிருக்கே" என்றார் மாமா. ஒரு தடவை அல்ல, பத்து நாளாக.

"எனக்கு வலது இடது தெரியாதா? காகிதத்தை நம்புவீங்க, என்னை நம்ப மாட்டீங்க. நீங்களே வச்சுக்கோங்க உங்க சுரங்கத்தை. நான் இனிமே ஆடல." கன்ட்ரோலரைக் கொண்டுவந்து அந்தக் காகிதங்களின் நடுவில் வைத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து பழையபடி அந்த இரண்டு கேள்விகள்தான். நேற்று இரண்டாவதுகூட இல்லை.

இப்போது மாமா கன்ட்ரோலரை எடுக்கிறார். சிமென்ட் காய்ந்த கட்டைவிரல் ஒரே நேரத்தில் இரண்டு பொத்தானை அமுக்குகிறது. விளக்குப் பெண் எகிறிக் குதிக்கிறாள். எப்படியோ அறுபத்து ஒன்றிலிருந்து நடத்துகிறார். வலது. வலது. வலது. இன்னும் ஒரு வலது. அறுபத்து ஒன்று!

"மாப்ளே, நான் எங்கயாவது திரும்பினேனா?"

"இல்ல மாமா."

நான்கு தடவை போய்ப் பார்த்தார். அப்புறம் எழுந்து வேலைப் பையைத் துழாவி, ரசமட்டத்தை எடுத்து டிவியின் தலைமேல் வைத்தார். குமிழி நட்டநடுவில் நின்றது. குனிந்து அந்தக் குமிழியையே வெகுநேரம் பார்த்தார். எனக்கும் தலை சுற்றியது.

சத்தம் கேட்டு அக்கா சமையலறை வாசலில் வந்து நின்றாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி டிவியைப் பார்த்தாள், ரசமட்டத்தைப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் புரியல" என்றார் மாமா. இருபத்தைந்து வருடத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்டிராத வார்த்தை.

அறுபத்து நான்காம் அறையை அக்காவின் காலடியில் வைத்தார். பிறகு காதுக்குக் கையைக் கொண்டுபோய், பென்சிலை உருவி அவளிடம் நீட்டினார்.