பேனலுக்குப் போர்த்திய ஈரக் கோணி

வெயிலில் சும்மா கிடந்தால் சோலார் பேனல் கெட்டுப்போகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தக் கேள்வியை யார் கேட்டாலும் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒயரைக் கழற்றிவிட்டால் அதற்குள் கரண்ட் பொங்காது, நிரம்பி வழியாது, வெடிக்காது. வாங்கும்போதே கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கொஞ்சம் சூடாகும், அவ்வளவுதான். வெயிலில் கிடப்பதற்கென்றே செய்த பொருள் அது.

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டது என் அண்ணன். அக்னி நட்சத்திரம் ஆரம்பித்த வாரம். நான் விருத்தாசலத்தில் ஒரு செராமிக் யூனிட்டில் பொம்மைகளைக் கிளேஸில், அதாவது பளபளப்புக்கான பூச்சுக் குழம்பில், முக்கி எடுக்கும் வேலையில் இருக்கிறேன். கை முழுக்க கிளேஸ், ஃபோன் அடிக்கிறது. பக்கத்தில் இருந்தவள் எடுத்து என் காதில் வைத்தாள்.

"பாப்பா, அந்த சோலாரு ஒயரு ரெண்டு நாளா கழண்டு கிடக்குது. சும்மா வெய்யில்ல கிடந்தா கெட்டுடுமா?"

"கெடாதுண்ணே. மாட்டி வுட்டுடு, ஃபேன் ஓடும்."

"கரண்டு சமாச்சாரம், எனக்கு என்னா தெரியும். நீ ஞாயித்துக்கெழம வந்து மாட்டிக்குடு. கெட்டுடக் கூடாதேன்னுதான் கேட்டேன்."

வைத்துவிட்டான். அடுத்த பொம்மையைத் தொட்டிக்குள் விட்டபோதுதான் எனக்கு உறைத்தது. பேனல் கெடுமா என்று கேட்டான். அதற்குக் கீழே ஃபேன் இல்லாமல் இரண்டு நாளாக ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாளே, அவளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த ஒருத்தி எங்கள் அக்கா. எங்கள் மூவரில் மூத்தவள். சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. அப்பா கட்டிய வீட்டில் இப்போது அண்ணன் குடும்பம் இருக்கிறது, பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் சீட் போட்ட ஓர் அறையில் அக்கா இருக்கிறாள். சுட்டு வந்த பீங்கான் பொம்மைகளைத் தட்டுத் தட்டாகக் கொண்டு வந்து அவளிடம் இறக்கிவிட்டுப் போவார்கள், அவள் கண்ணும் புருவமும் எழுதிக் கொடுப்பாள். கை கொஞ்சம் வேர்த்தால்கூட பிரஷ் வழுக்கிவிடும், பொம்மைக்கு மாறுகண் வந்துவிடும். சித்திரை வெயிலில் அந்த சீட்டுக்கு அடியில் கை வேர்க்காமல் இருக்க வழியே இல்லை. பின்னறைக்கு ஒரு பல்புக்கு மேல் ஒயர் இழுக்க அண்ணிக்கு மனம் வரவில்லை, மெயின் தாங்காது என்றாள். அதனால்தான் நான் அந்தச் சின்ன பேனலையும் அதோடு சேர்ந்த டேபிள் ஃபேனையும் வாங்கி வந்து கொடுத்தேன். அதற்கு பேட்டரி கிடையாது. வெயில் அடித்தால் ஓடும், மேகம் மறைத்தால் நிற்கும். உச்சி வெயிலில்தான் நன்றாகச் சுற்றும். அக்காவுக்கு வேண்டியதும் அதுதான் என்று நினைத்தேன்.

அண்ணன் ஃபோன் செய்த அன்றைக்கே சாப்பாட்டு நேரத்தில் பர்மிஷன் சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்துப் போனேன். ஞாயிற்றுக்கிழமை வரை அவளை வேகவிட நான் தயாராக இல்லை.

வாசலில் கால் வைக்கும்போதே பார்த்தேன். அண்ணன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, பின்னறைச் சுவரில் ஏணி சாத்தி ஏறி நின்று, பக்கெட்டிலிருந்து மொண்டு மொண்டு கூரை மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். சீட் வீட்டுக்காரர்கள் எல்லோரும் கோடையில் செய்வதுதான் அது. கூரையை நனைத்தால் உள்ளே கொஞ்ச நேரமாவது சூடு அடங்கும். அக்காவுக்காக ஊற்றுகிறான் என்று நினைத்தேன். வரும் வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டு வந்தோமே என்று மனசு இளகிப்போனது.

கிட்டே போய் அண்ணாந்து பார்த்தேன். தண்ணீர் கூரையில் விழவில்லை. பேனல் மேல் ஒரு கோணிப்பை போர்த்தியிருந்தது. அதன் மேல்தான் ஊற்றிக்கொண்டிருந்தான். ஒரு சொட்டு வீணாகாமல், ஓரமெல்லாம் நனைகிற மாதிரி, அவ்வளவு பொறுமையாக.

எனக்குப் புரிந்துவிட்டது. அண்ணனுக்கு வேறொரு யூனிட்டில் காயவைக்கும் களத்தில் வேலை. அந்த வாரம் அங்கே சூளை ரிப்பேர், வீட்டில் இருந்தான். சுடாத பச்சைச் சாமானை நேர் வெயிலில் அப்படியே விட்டால் வெடித்துவிடும், ஈரக் கோணி போட்டு மூட வேண்டும். பல வருஷமாக அதையே செய்து செய்து, வெயிலில் கிடக்கிற எதைப் பார்த்தாலும் கோணியைத் தேடுகிற கை அவனுக்கு.

"என்னாண்ணே பண்ற?"

"நீ கெடாதுன்னுட்ட. எனக்கு மனசு கேக்கல. தொட்டுப் பாத்தா கொதிக்குது. நேத்துலருந்தே காலைல ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம் நனைச்சி வுட்டுடறேன்."

சூடேறிய கண்ணாடி மேல் பச்சைத் தண்ணீர் பட்டால்தான் விரிசல் விடும். சூளை ஆறும் முன் கதவைத் திறந்தால் சாமான் வெடிக்கும் என்று ஊருக்கே சொல்கிறவனுக்கு அது தோன்றவில்லை. அதைக்கூட விடுங்கள். நான் அறைக்குள் போனேன்.

உள்ளே சூளைதான். அக்கா சுவரில் சாய்ந்து, ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, ஒரு பொம்மைக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தாள். துண்டு பாதி காய்ந்துவிட்டிருந்தது. ஜாக்கெட் முதுகோடு ஒட்டியிருந்தது. தண்ணீர்ச் சொம்பு காலி. ஃபேன் அசையாமல் நின்றது, மேலேயிருந்து இறங்கி வரும் ஒயரின் முனை கட்டில் ஓரத்தில் தொங்கியது. தலைக்கு மேலே அண்ணன் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

வெளியே வந்தேன். வாயில் வந்ததையெல்லாம் பேசினேன்.

"இறங்குண்ணே கீழ. மேல இருக்கறதுக்கு ஈரக் கோணி போட்டு வெச்சிருக்கியே, உள்ள ஒருத்தி வெந்துகிட்டு இருக்கறா, அவ சொம்புல தண்ணி இருக்குதான்னு பாத்தியா?"

"அக்கா ஒண்ணும் கேக்கலியே."

"பேனல் கேட்டுச்சா?"

சத்தம் கேட்டு அண்ணி கூடத்திலிருந்து எழுந்து வந்தாள். டிவி ஓடிக்கொண்டிருந்தது, கூடத்து ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. நான் நேராக அவளையே பிடித்தேன்.

"ஒயரை யாரு கழட்டினது அண்ணி?"

"நான் அந்தப் பக்கமே போவல. கரண்டு ஒயரை நான் எதுக்குத் தொடறேன்."

நான் நம்பவில்லை. நம்புகிற நிலையிலும் இல்லை. இருங்கள், மாட்டிவிட்டு வந்து பேசிக்கொள்கிறேன் என்று மறுபடி அறைக்குள் போய் ஒயரை எடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாட்டாத. நான்தான் கழட்டினேன்."

ஒயரைக் கீழே விட்டேன். அக்கா பிரஷை நீர்க் கிண்ணத்தில் போட்டுவிட்டு, வெளியே கேட்காதபடி சன்னமாகச் சொன்னாள்.

"நீ இத வாங்கியாறதுக்கு முன்னாடி, மத்தியானமானா என்னை உள்ள கூப்புடுவாங்கடி. வெய்யிலு தாங்காது, கூடத்துல வந்து உக்காருன்னு. தட்டை எடுத்துனு போயி ஃபேனுக்குக் கீழ உக்காந்து எழுதுவேன். டிவி ஓடும். சோறும் அங்கயே. இது வந்ததுலருந்து, உனக்குத்தான் தனியா ஃபேன் இருக்குதேன்னு யாரும் கூப்புடறது இல்ல. சோறு இங்கயே வந்துடுது. காலையிலருந்து ராத்திரி வரைக்கும் ஒரு ஆளு மூஞ்சியப் பாக்கறது இல்ல. அதான் புடுங்கி வுட்டேன். ஃபேன் நின்னுட்டா கூப்புடுவாங்கன்னு பாத்தேன்."

"கூப்புட்டாங்களா?"

"தம்பி வந்து எட்டிப் பாத்தான். ஃபேன் ஓடலியான்னான். கழண்டு கிடக்குதுன்னேன். ஒயரைப் பாத்தான். அப்புறம் ஏணிய எடுத்துனு மேல ஏறிட்டான்."

எனக்கு அழுகை வரவில்லை. அதற்கெல்லாம் இடமில்லாமல் கோபம் அடைத்துக்கொண்டிருந்தது. அண்ணன் கெட்டவன் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். கெட்டவனாக இருந்தால் ஒரே பேச்சில் அறுத்துவிட்டுப் போகலாம். உச்சி வெயிலில் ஏணி ஏறுகிறான், கால் சுடச்சுட நிற்கிறான், ஒரு பொருள் வீணாகிவிடக் கூடாது என்று பதறுகிறான். அந்தப் பதற்றத்தில் கால் பங்கு இந்த அறை வாசலில் நின்றபோது வந்திருந்தால், "உள்ள வாக்கா" என்று இரண்டு வார்த்தை சொல்லியிருப்பான்.

"கெளம்புக்கா. எங்கூட வந்துடு."

"உன் வூடு மாடி. இந்தக் காலை வெச்சினு ஏற முடியுமா? ஏறினாலும் வரமாட்டேன். இது எங்கப்பா கட்டின வூடு. நான் ஏன் போவணும்?"

அவள் சொன்னது நியாயம். அதனால் போக வேண்டியது எது என்று நான் முடிவு செய்தேன். வெளியே வந்து, அண்ணன் இறங்கியதும் அதே ஏணியில் ஏறினேன். கோணியை எடுத்து எறிந்தேன். நட்டைக் கையாலேயே திருகி, பேனலைக் கழற்றி, ஒயரோடு இழுத்துக் கீழே இறக்கினேன். கூரைச் சீட்டில் பட்டு உள்ளங்கை சுட்டது. அண்ணன் ஓடி வந்து தாங்கிப் பிடித்தான், பேனலைத்தான்.

"பாத்து, பாத்து. ஒரு கீறல் வுழாம வெச்சிருக்கறேன்."

"இது இனிமே இங்க இருக்காது. ஃபேனும் இருக்காது. இனிமே மத்தியானத்துல அக்கா எங்க உக்காரும்?"

அவன் என்னைப் பார்த்தான், அண்ணியைப் பார்த்தான். கூடத்தில் ஏதோ விளம்பரம் கத்திக்கொண்டிருந்தது. நான் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பொம்மைத் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கூடத்து ஃபேனுக்கு நேர் கீழே வைத்தேன். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு தானே நடந்து வந்து உட்கார்ந்தாள். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, பாதியில் விட்ட பொம்மைக்கு இன்னொரு கண்ணை எழுத ஆரம்பித்தாள். அண்ணி டிவி சத்தத்தைக் குறைத்தாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். கேட்கட்டும். அதற்காக நான் யாருக்கும் நன்றி சொல்லவில்லை.

பேனல் இப்போது என் மொட்டைமாடியில் கிடக்கிறது. எதிலும் மாட்டவில்லை. எனக்கு அது தேவையும் இல்லை, அதை விற்க மனமும் இல்லை. வெயிலில் அப்படியே, மேலே எதுவும் போர்த்தாமல் கிடக்கிறது. துணி காயப்போட வருகிற கீழ்வீட்டு அம்மாகூட, சும்மா கிடந்தால் கெட்டுவிடாதா என்று கேட்டார். சுள்ளென்று பதில் சொல்லிவிட்டு, பிறகு அவர் என்ன செய்தார் பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணன் போன வாரம் ஒரு மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்த நேரத்தில் ஃபோன் செய்தான். யூனிட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எப்படி இருக்கிற என்றான், அடுத்த வார்த்தையே அதுதான்.

"அந்த பேனலை வெய்யில்ல சும்மாவா போட்டு வெச்சிருக்கற? மேல எதனா போட்டு மூடு பாப்பா."

சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"அக்கா எங்கண்ணே?"

"ஏன், இருக்குது."

"ஃபோனை அதுங்கிட்ட குடு."

அண்ணன் எழுந்து பின்னறைக்குப் போகும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். செருப்புச் சத்தமும் இல்லை, பின்கதவு திறக்கும் சத்தமும் இல்லை. டிவியில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். உடனே குரல் வந்தது.

"சொல்லுடி, இங்கதான் இருக்கேன்" என்றாள் அக்கா.