அவருக்குப் பதிலாக ஏறிய விமானம்

ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தூங்குகிற நாள். மற்ற ஆறு நாளும் விடிகாலை நாலரைக்கே கம்பெனி பஸ் எங்கள் ஊரான ஸ்கூடாய்க்கு வந்துவிடும். எல்லைப் பாலத்தில் நெரிசல், குடிநுழைவுச் சோதனையில் வரிசை, பிறகு சிங்கப்பூர்த் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்றபடி லென்ஸ் வழியாகச் சின்னச் சின்னச் சில்லுகளைப் பார்க்கிற வேலை. வீடு திரும்பி, சமைத்து, துணியைக் காயப்போட்டுப் படுத்தால், கண்ணை மூடியதுமே அலாரம் அடிக்கிற மாதிரி இருக்கும்.

அந்த ஞாயிறு என்னைத் தூங்கவிடாமல் எழுப்பியது என் கணவர். கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். ஓய்வு கிடைத்தால் போனில் கிளைடர் வீடியோக்கள்தான் பார்ப்பார். இஞ்சின் இல்லாத விமானம், காற்றிலேயே மிதக்கும் என்று எனக்குப் பல தடவை விளக்கியிருக்கிறார். நான் உம் கொட்டிக்கொண்டே தூங்கியிருக்கிறேன். செடெனாக் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு பழைய ஓடுதளத்தில், வார இறுதிகளில் ஆள் ஏற்றிப் பறக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இடம் பதிவு செய்திருந்தார்.

"நீ சும்மா வந்து உக்காரு. நான் பறக்கிறத போன்ல எடுத்தா போதும்," என்றார்.

போகிற வழியெல்லாம் காரில் தூங்கினேன்.

ஓடுதளத்தில் ஒரு தகரக் கொட்டகை. விமானி அறுபதைத் தாண்டிய சீனர், ஒல்லியான மனிதர். என் கணவரைப் பார்த்ததும் அவர் முகம் லேசாக மாறியதை நான் கவனித்தேன். கிளினிக்கில் இருப்பது போன்ற ஓர் எடைபார்க்கும் கருவியில் ஏறச் சொன்னார். நூற்றுப் பதினாறு கிலோ. முன் இருக்கைக்கு நூற்றுப் பத்துக்கு மேல் முடியாதாம்.

என் கணவர் சட்டைப் பையிலிருந்த போன், சாவி, பணப்பை எல்லாவற்றையும் என் கையில் கொடுத்தார். காலணியைக் கழற்றினார். இடுப்பு வாரையும் கழற்றிவிட்டு மறுபடி ஏறி நின்றார். முள் அசைந்ததாகவே தெரியவில்லை. "பாஸ், கொஞ்சம்தானே லா," என்று மலாயில் கெஞ்சினார். விமானி தலையை ஆட்டி, அதே மலாயில் மன்னிப்புக் கேட்டார்.

என் கணவர் கொட்டகைக்கு வெளியே போய் விமானத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"நீ போ."

"என்னங்க வெளையாடறீங்களா? எனக்கு இதெல்லாம் வேணாம். வீட்டுக்குப் போலாம்."

"வந்தது வந்தாச்சு. ஒரு ஆளாவது பாத்துட்டு வரலாம்ல? எனக்காகப் போயிட்டு வா."

மறுத்துப் பேச எனக்குத் தெம்பில்லை. பயப்படுவதற்கும் தெம்பில்லை. எடை பார்த்தார்கள், முதுகில் பாராசூட்டைக் கட்டினார்கள், குளியல் தொட்டி போன்ற ஒரு குறுகிய இடத்தில் காலை நீட்டி உட்கார வைத்தார்கள். விமானி எனக்குப் பின்னால் ஏறினார். தலைக்கு மேல் கண்ணாடி மூடியது. இறக்கை சாயாமல் அதன் நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவர் என் கணவர். கேட்டு வாங்கிய வேலையாம் அது. முன்னால் ஒரு சிறிய விமானம் கயிற்றால் எங்களை இழுக்க, அவரும் மூச்சு வாங்க நாலைந்து அடி ஓடி வந்து, விட்டுவிட்டார்.

மேலே ஏறும்வரை ஒரே குலுக்கல். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பிறகு "டக்" என்று கயிறு கழன்றது. இழுத்து வந்த விமானம் சாய்ந்து கீழே போனது. அதோடு சத்தமும் போனது. கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கிவிட்ட காரில் வருகிற மாதிரி, காற்றின் ஓசை மட்டும்.

கீழே செம்பனைகள் வரிசை வரிசையாக விரிந்த பச்சை நட்சத்திரங்கள். தோட்டத்தை அழித்துக் கட்டிய புதிய தரவு மையங்களின் வெள்ளைக் கூரைகள். நெடுஞ்சாலையில் லாரிகள் எறும்பாக ஊர்ந்தன. அப்படி ஒன்றைத்தான் என் கணவர் தினமும் ஓட்டுகிறார் என்று நினைத்தபோது, மேலே இருக்க வேண்டியவர் அவர்தான் என்று தோன்றியது.

ஒரு மேகத்துக்கு அடியில் போனதும் லிஃப்ட் மேலே கிளம்புவதுபோல் உடம்பு இருக்கையில் அழுந்தியது. கருவி ஒன்று பீப் பீப் என்றது. சூடான காற்று எங்களைத் தூக்குகிறது என்றார் விமானி. நான் இருக்கையின் விளிம்பை இறுகப் பிடித்திருந்ததைப் பின்னாலிருந்து பார்த்திருப்பார் போல.

"காக், கையை விடுங்க. நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்," என்று, மலாயில் அக்கா என அழைத்துச் சொன்னார்.

கையை எடுத்து மடியில் வைத்தேன். அங்கே வரிசை இல்லை, மணி பார்க்க வேண்டியதில்லை, யாரும் எதையும் கேட்கவில்லை. வெயில் மடியில் இதமாக விழுந்தது. விமானம் மெதுவாக வட்டமடித்துக்கொண்டே இருந்தது. இரண்டாவது வட்டமா மூன்றாவதா தெரியவில்லை, தூங்கிப்போனேன்.

"காக், இறங்கப் போறோம்," என்ற குரல் கேட்டுத்தான் விழித்தேன். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். பத்து நிமிடத்துக்கு மேல் இருக்கும் என்றார். "என் விமானத்துல வாந்தி எடுத்தவங்க உண்டு. தூங்கினது நீங்கதான் முதல் ஆள்," என்று சிரித்தார். ஒற்றைச் சக்கரம் புல்லைத் தட்டி, அதிர்ந்து, நின்றது.

என் கணவர் ஓடி வந்தார். "எப்படி இருந்துச்சு?"

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "பரவால்ல. ஒரே ஆட்டம். உங்களுக்குத் தலை சுத்தியிருக்கும்," என்றேன்.

அவர் போய்க் காரை எடுத்தார். கார் செம்மண் பாதையைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறிய பிறகு, சாலையைப் பார்த்தபடியே பேசினார்.

"பொய் சொல்லாத லா. நல்லா இருந்துச்சா இல்லையா?"

"நல்லா இருந்துச்சுங்க," என்றேன். "ரொம்ப நல்லா இருந்துச்சு. நான் தூங்கிட்டேன்."

"அலமாக்! அங்க போயுமா தூங்குன?" என்றார். சிரிக்கத் தொடங்கியவர் என் களைத்த முகத்தைத் திரும்பிப் பார்த்தார், சிரிப்பை நிறுத்திக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும், "சரி, தூங்குறதுக்கு முன்ன என்ன பாத்த? அதச் சொல்லு," என்றார்.

சொன்னேன். கயிறு கழன்ற சத்தத்தை இரண்டு முறை சொல்லச் சொன்னார். மேகத்துக்கு அடியில் எந்தப் பக்கம் சாய்ந்தது, கருவி என்ன வேகத்தில் பீப் அடித்தது என்றெல்லாம் கேட்டார். எனக்குத் தெரிந்தவரை சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன். ஸ்கூடாய் நெரிசலில் கார் நின்று நின்று நகர்ந்தது. அவர் கேட்டுக்கொண்டே வந்தார்.