சிவப்பு நூல் கட்டிய ஸ்கேல்

என் அண்ணன் பூட்டிய பூட்டையும் ஒரு தடவை இழுத்துப் பார்ப்பவர். பால்காரரிடம்கூட மறுபடி அளக்கச் சொல்வதால் தெருவில் அவருக்குப் பெயரே 'மறுபடி'. இரும்பு வார்ப்புக்கு மரத்தில் பேட்டர்ன் செய்வது அவர் தொழில். அந்த மர உருவை மணலில் அழுத்தி எடுத்துவிட்டு, விழுந்த பள்ளத்தில் உருக்கிய இரும்பை ஊற்றுவார்கள். ஊற்றுகிறவர் அண்ணியின் தம்பி. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் பட்டறை, இந்தப் பக்கம் எங்களுடையது.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து நான் அண்ணனிடம்தான் வேலை செய்கிறேன். பேட்டர்னை உப்புத்தாளால் தேய்ப்பேன், வண்ணம் அடிப்பேன். வாயைத் திறக்காமல் செய்கிற வேலை. அது எனக்கு வசதி.

அண்ணனுடைய எஃகு ஸ்கேலை யாரும் தொடக்கூடாது. வாங்கிய அன்றே அதிலிருந்த எழுத்துகளை அரத்தால் ராவிவிட்டார். "எழுத்து இருந்தா கண்டவனும் படிப்பான்" என்றார். கோடுகளும் எண்களும் மட்டும் மிச்சம். அடையாளத்துக்கு அதன் துளையில் சிவப்பு நூல் கட்டியிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணிக்குச் சட்டை தைக்கத் துணி வெட்டினேன். என் ஸ்கேல் அவசரத்துக்குக் கிடைக்கவில்லை, அண்ணனுடையதை எடுத்தேன். சட்டை லேசாகத் தொளதொளத்தது.

"பாத்தியா, நான் இளைச்சுட்டேன்!" என்றார் அண்ணி, கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பி.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. டேப்பை எடுத்து ஸ்கேலின் பக்கத்தில் வைத்தேன். ஒரு அடிக்கு மூன்று மில்லி கூட இருந்தது. பிறகு கிடைத்த என் ஸ்கேலை வைத்தால் டேப்போடு அச்சாகப் பொருந்தியது. அண்ணனுடைய ஸ்கேலை யாரோ மாற்றி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். சந்தேகம் ஒட்டுவாரொட்டி. அண்ணனிடம் இருந்து எனக்கும் ஒட்டிவிட்டது.

சொன்னால் நேரே சுவருக்கு அந்தப் பக்கம்தான் பாய்வார், அண்ணி அழுவார். அதனால் வாயே திறக்காமல் காரியத்தை முடித்தேன். என் ஸ்கேலும் எழுத்தெல்லாம் தேய்ந்த ஒரு அடி எஃகு ஸ்கேல்தான். சிவப்பு நூலை அவிழ்த்து அதில் கட்டி அண்ணனுடைய மேசையில் வைத்தேன். பொய் ஸ்கேலைத் தையல் பெட்டியின் அடியில் போட்டேன். நல்லது செய்த நிம்மதியில் தூங்கினேன்.

மூன்று வாரம் கழித்துப் பம்பு கம்பெனியிலிருந்து, வார்ப்பை லேத்தில் கடைந்து அளவுக்குக் கொண்டுவரும் கடைசல்காரர் வந்தார். கையில் வட்டமான இரும்பு மூடி.

"என்னங்க இது, தோல் மட்டும் இருக்கு, சதையே இல்லயே! கடைஞ்சு எடுக்க ஒரு மயிரிழைகூட இல்ல. பன்னிரண்டும் இப்படித்தான். இந்த வாரம் சரியா வரலேன்னா வேற இடம் பாக்கச் சொல்லிட்டாரு முதலாளி."

இருபது வருஷமாக அந்தக் கம்பெனி வேலையில்தான் எங்கள் அடுப்பு எரிகிறது. அண்ணன் தன் பேட்டர்னை அளந்தார், மறுபடி அளந்தார். ஸ்கேல் சரி என்றது.

"என்கிட்ட தப்பு இல்ல. அவன்தான் கண்ட இரும்பைக் கலக்குறான்" என்று சுவரைக் காட்டினார்.

பிறகு என் பக்கம் திரும்பி, "நீ அழுத்தித் தேச்சியா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன்.

அன்று முதல் பேட்டர்ன் அலமாரிக் கதவின் இடுக்கில் பசை தடவி, தன் தலையிலிருந்து ஒரு நரைமுடியைப் பிடுங்கி ஒட்டினார். யாராவது திறந்தால் அறும். தரையில் சாம்பலைத் தூவினார். மறுநாள் சாம்பலில் செருப்புத் தடம் இருந்தது. குனிந்து பார்த்து, "அவனேதான்!" என்று துள்ளினார். நான் அவர் காலையே பார்த்தேன். தடத்தில் இருந்த பிளவு அவருடைய இடது செருப்பிலும் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவரும் பார்த்துவிட்டார். துடைப்பத்தை எடுத்துச் சாம்பலைப் பெருக்கினார்.

அண்ணிக்கும் அவருக்கும் பேச்சு நின்றது. மூன்றாம் நாள் அண்ணியின் தம்பியே சுவரைச் சுற்றி வந்தார்.

"மாமா, நான் இரும்பைக் கலக்குறேன்னு ஊர் பூரா சொல்றீங்களாமே?"

"ஊர்ல பாதிப் பேருக்குத்தான் சொன்னேன்."

"இரும்பு ஆறும்போது அடிக்கு மூணு மில்லி சுருங்கும். அதை மரத்துல சேத்தீங்களா இல்லயா?"

"எனக்கே பாடமா? நான் எதுக்குடா சேக்கணும்? என் ஸ்கேலே மூணு மில்லி நீளம்! இரும்புக்குன்னே செஞ்ச ஸ்கேல். இவ்வளவு நாள் ஒருத்தன்கிட்ட சொன்னதில்ல, உன்கிட்ட சொல்ல வெச்சுட்டியே!"

என் கையிலிருந்த உப்புத்தாள் விழுந்தது.

அது பொய் ஸ்கேல் அல்ல. சுருங்கப் போகிற இரும்புக்காக முன்கூட்டியே நீண்ட ஸ்கேல். நான் கெட்டிக்காரத்தனமாகச் சரிசெய்து வைத்திருக்கிறேன்.

உள்ளே போய்த் தையல் பெட்டியின் அடியில் கிடந்ததை எடுத்துவந்தேன். மேசையில் சிவப்பு நூல் ஸ்கேலுக்குப் பக்கத்தில் ஒரு முனை ஒட்ட வைத்தேன். மறுமுனையில் மூன்று மில்லி துருத்திக்கொண்டு நின்றது.

அண்ணன் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"யார் சொல்லி மாத்தின?"

"யாரும் சொல்லல, அண்ணா. யாரோ உங்களை ஏமாத்திட்டாங்கன்னு நெனச்சு... நானேதான்."

"எவன் தூண்டிவிட்டான்?"

அண்ணியின் தம்பிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எழுத்தை ராவினது யாரு, மாமா? மொதல்ல அவனைப் பிடிங்க."

அண்ணன் நூலை அவிழ்த்துப் பழைய ஸ்கேலில் கட்டினார். அன்றே புதுப் பேட்டர்னுக்கு மரம் அறுத்தார். நான் தேய்த்தேன். வியாழக்கிழமை வார்த்த மூடியைக் கடைசல்காரர் தட்டிப் பார்த்து, "இப்ப சதை இருக்கு" என்றார். அண்ணியும் அண்ணனும் பேசிக்கொண்டார்கள். அண்ணன் எழுத்துக் குத்தும் உளியை எடுத்து ஸ்கேலில் ஏதாவது பொறிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் எடுக்கவில்லை.

மறுநாள் காலை தைக்க உட்கார்ந்தேன். என் தையல் பெட்டியின் மூடி இடுக்கில், பசை காயாமல், ஒரு நரைமுடி ஒட்டியிருந்தது.