முதலில் வந்த மூன்றாவது கேள்வி

நேர்முகத் தேர்வு முடிந்து அத்தை வீடு திரும்பிய மாலையில் நாங்கள் பேசியது இது. செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

"என்ன அத்தை, எப்படிப் போச்சு?"

"மூணாவத முதல்ல கேட்டுட்டாங்கடி."

"சரி, மூணாவத சொல்ல வேண்டியதுதானே?"

"நான் ஒண்ணாவத சொன்னேன்."

"ஐயோ. அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணாவத கேட்டாங்க. எனக்கு அடுத்தது ரெண்டுதானே? அத சொன்னேன்."

"அப்போ, எத்தனை வருஷமா இங்க இருக்கீங்கன்னு கேட்டதுக்கு..."

"துணி சுருங்குற ரகமா இருந்தா ஓரத்துல கொஞ்சம் விட்டு வெட்டணும்னு சொன்னேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தையும் சிரித்தாள். பிறகு முகம் கழுவப் போனவள், வெகு நேரம் குழாயை மூடவில்லை.

கேட்கக்கூடும் என்று நினைத்த ஒன்பது கேள்விகளுக்கும் பதில் எழுதிக் கொடுத்தது நான்தான். எண் போட்டதும் நான்தான். எண்ணைப் பிடித்துக்கொண்டால் அவளுக்கு எதுவும் மறக்காது என்று நினைத்தேன். மறக்கவும் இல்லை.

என் அப்பாவின் தங்கை அவள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் கட்டிங் செக்‌ஷனில் பத்தொன்பது வருடமாக நின்றுகொண்டே வேலை. நூறு அடுக்குத் துணியை மேசையில் விரித்து, கை, காலர், முதுகு என்று வெட்டவேண்டிய வடிவங்கள் அச்சான நீளத் தாளை அதன்மேல் போடுவார்கள். அந்தத் தாளை மாடி அறையில் கம்ப்யூட்டரில் தயார் செய்வார்கள். அத்தை அதை ஒரு முறை பார்ப்பாள். இரண்டு கைத்துண்டுகளைத் தலைகீழாகத் திருப்பி, காலரை அந்த இடுக்கில் செருகச் சொல்வாள். அடுக்குக்கு அரை இஞ்ச் மிஞ்சும். தொழிற்சாலையில் அவள் பெயரே 'அரை இஞ்ச்' ஆகிவிட்டது.

"எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?" என்று மாடி அறைக்காரர் இறங்கி வந்து கேட்பார். அவளுக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர் அவர்.

"அங்க இடம் இருந்துச்சு."

அத்தையிடம் அவ்வளவுதான் வார்த்தை. அதையே அவர் மேனேஜரிடம் பத்து நிமிடம் விளக்குவார். கெட்ட மனிதர் இல்லை. "கணக்கெல்லாம் அக்காவோடது, வாய் மட்டும் என்னோடது" என்று எல்லோர் முன்னாலும் சொல்வார். ஆனாலும் மாடியில் உட்கார்ந்திருப்பது அந்த வாய்தான்.

நான் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் நல்ல மதிப்பெண் வாங்கியவள். கணக்கில் தட்டுத் தடுமாறித் தேறியவள். பள்ளியில் எனக்கு வராத கணக்குகளுக்கு அத்தை விடையை மட்டும் சொல்வாள். வழி கேட்டால் விழிப்பாள். இன்று ஒரு அலுவலகத்தில் இரண்டு மொழிகளிலும் கடிதம் எழுதுகிறேன். சேர்ந்த அன்றே எனக்கு ஜன்னலோர மேசையும் சுழலும் நாற்காலியும் கொடுத்தார்கள்.

அதைச் சொன்னபோது அத்தை, "முழுசா சுத்துமா?" என்று கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே சொன்னாள்: "மாடியில இருக்கறது சுத்தும். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்துல யாரும் இல்ல. உக்காந்து பாத்தேன். அங்கேருந்து பாத்தா நம்ம மேசை முழுக்க ஒரே பார்வையில தெரியுதுடி."

மாடி அறைக்கு ஆள் எடுத்த மூன்று முறையும் அந்த நாற்காலிக்கு விண்ணப்பித்தாள். முதல் முறை வாயே திறக்கவில்லை. இரண்டாம் முறை "இடம் இருந்துச்சு" என்றாள். மூன்றாம் முறை என் ஒன்பது பதில்கள். ஐம்பது வயதைத் தாண்டினால் அந்த வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். அத்தைக்கு நாற்பத்தொன்பது.

போன மாதம் அந்த வேலைக்கு மறுபடியும் அறிவிப்பு ஒட்டினார்கள். அத்தை வந்து சொன்னதும் நான் நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

"நீங்க அந்தத் தாளப் பாக்கும்போது முதல்ல எது கண்ல படும், அத்தை?"

"முதல்ல... அந்த வெள்ளையா..."

"காலி இடமா?"

அவள் என் பேனாவைப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்தே நான் இப்படித்தான். வெளியாட்களிடம் வாய் திறக்காத நான், அத்தையின் வாக்கியங்களை மட்டும் முந்திக்கொண்டு முடித்துவைப்பேன். உதவி என்றே நினைத்திருந்தேன்.

அத்தை என் நோட்டை மூடி ஓரமாக வைத்தாள்.

"இந்தத் தடவ எழுதாதடி. சும்மா எதிர்ல உக்காரு. நான் சொல்லிப் பாக்கறேன். நடுவுல நின்னுட்டேன்னா அடுத்த வார்த்தைய எடுத்துக் குடுக்காத. எவ்வளவு நேரமானாலும் சரி, நானே தேடிக்கறேன்."