நாலாம் பக்கத்தில் விடுபட்ட வரி

"இங்க எதுக்கு அண்ணி முழிச்சீங்க?"

அண்ணி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகக் கொழுந்தனாரைப் பார்க்கிறார். "பெட்டியைத் தேர்வுசெய்யவும்னு போட்டிருக்கு. எந்தப் பெட்டி? கட்டிலுக்கு அடியில கிடக்கே, அதுவா?"

அவர் சிரிப்பதில்லை. அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்கிறார். கணினியே தெரியாத அண்ணி தடங்கலில்லாமல் படித்து, படித்தபடி செய்தும் காட்டினால்தான் கையேட்டின் அந்தப் பக்கம் வெளியே போகும். சில பக்கங்கள் எட்டுத் தடவை திரும்பியிருக்கின்றன. "கொழுந்தனாரே, இந்த நேரத்துக்கு நான் ஒரு பட்டமே வாங்கியிருப்பேன்" என்று அலுத்துக்கொள்வார். ஆனாலும் ஞாயிறு காலையில் பக்கத்து வீட்டிலிருந்து தவறாமல் வந்துவிடுவார்.

கொழுந்தனாருக்குத் தொழில் தையல் மெஷின் ரிப்பேர். நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்பு போகாது என்பதால் விசைப்பலகை மேல் பாலிதீன் தாளை விரித்து, ஒற்றை விரலால் தட்டுவார். பேச்சு இழந்தவர்கள் திரையில் எழுத்துகளைத் தொட்டால், கணினி அவர்களுக்காகப் பேசும். நடுங்கும் விரல் எந்த எழுத்தைத் தேடுகிறது என்பதும் அதற்குப் புரியும். அப்படியொரு கட்டற்ற மென்பொருளை நாங்கள் பத்துப் பேர் ஓய்வு நேரத்தில் உருவாக்கி, யாரும் இலவசமாகப் பயன்படுத்த விட்டிருக்கிறோம். அதன் கையேட்டை மூன்று வருடமாகத் திருத்துபவர் இவர். எங்கள் குழுவில் 'எதை அண்ணன்'. 'அழுத்தவும்' என்று யாராவது எழுதினால், 'எதை?' என்று ஒற்றைச் சொல்லில் பதில் வரும்.

"ஊசியில நூலைக் கோருன்னு சொன்னா ஆச்சா? எந்தப் பக்கத்துலேருந்துன்னு சொல்ல வேணாமா?"

அவரிடமிருந்து வந்த முதல் மின்னஞ்சல் இரண்டே வரி. "நாலாம் பக்கத்தில் மூன்றாவது வரிக்கு அப்புறம் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. எப்படிச் சேர்ப்பது என்று சொன்னால் நானே சேர்க்கிறேன்." காரணம் சொல்லவில்லை. போன மாதம் அவர் வீட்டுக்குப் போனபோதுதான் தெரிந்தது.

மனைவி துணிக்கடையில் வேலை பார்த்தவர். "துணி எடுக்காம போனவங்க உண்டு, அவகிட்ட பேசாம போனவங்க கிடையாது." பக்கவாதம் வந்து பேச்சும் வலது கையும் போயின. நினைவு தெளிவாகவே இருந்தது. மகள் சொல்லி, எங்கள் மென்பொருளை இறக்கி, கையேட்டில் இருந்தபடியே எல்லாம் செய்தார். திரை வெறுமையாக நின்றது. கணினிதான் பழுது என்று கடைக்குத் தூக்கிப் போனார். ஒரு குறையும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள்.

"பீரோவக் காட்டிக் காட்டி என்னமோ சொல்ல வந்தா, தம்பி. போர்வையா, சாவியா, போட்டோவான்னு ஒண்ணொண்ணா எடுத்துக் காட்டினேன். எல்லாத்துக்கும் தலைய ஆட்டினா, இல்ல இல்லன்னு. தாள்ல எழுத்த எழுதி வச்சேன். விரல் ஆடிக்கிட்டே இருந்துது, எந்த எழுத்துன்னே தெரியல. கடைசியில அழுதுட்டா."

பதினோராம் நாள் இரண்டாவது முறை தாக்கியது. மறுநாள், ஆஸ்பத்திரி வராந்தாவில் மடியில் வைத்திருந்த கணினியில் எதையோ தட்டப் போய், மென்பொருளின் அமைப்புப் பக்கத்தில் இருந்த ஒரு சின்னக் கட்டத்துக்குள் டிக் விழுந்தது. எழுத்துகள் திரை நிறைய வந்து நின்றன. உள்ளே அவர் மனைவிக்கு நினைவில்லை. அது பிறகு திரும்பவே இல்லை.

அந்தக் கையேட்டை ஒரே மத்தியானத்தில் எழுதி முடித்தவன் நான். அந்த டிக் எனக்குக் கைப்பழக்கம்; சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை.

"அண்ணே, அந்த நாலாம் பக்கத்த எழுதினது நான்தான்."

"தெரியும். எந்த வரி யார் எழுதினதுன்னு அதுலயே பேர் காட்டுதே. மொத நாளே பாத்துட்டேன்."

"மூணு வருஷமா ஒரு வார்த்தை கேக்கலையே?"

"என்னத்தக் கேக்கிறது? வேணும்னேவா விட்டே?" விசைப்பலகை மேல் கிடந்த தாளை இழுத்துச் சரிசெய்தார். "மொத வருஷம் உம் பேரப் பாத்தாலே வயிறு எரியும். கண்டபடி திட்டி எழுதுவேன். அனுப்பாம அழிச்சிடுவேன்."

எழுந்து வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினேன். அவரும் பின்னாலேயே வந்தார். என் சட்டைக் காலர் ஒரு பக்கம் உள்ளே மடிந்திருந்தது போல. அவர் இரண்டு கைகளையும் தன் வேட்டியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, காலரை வெளியே எடுத்து நீவிவிட்டார்.