பகவதிக்கு வாத்தியார் போட்ட கையெழுத்து

நவம்பர் பிறந்தால் தாழக்குடி பகவதிக்கு ஒரு வேலை உண்டு. தான் உயிரோடு இருப்பதாகவும், மறுமணம் செய்துகொள்ளவில்லை என்றும் எழுதிக் கொடுக்க வேண்டும். உயிரோடு இருப்பதற்கு ஆள் போய் நின்றால் போதும். மற்றதற்குத்தான் ஊரறிந்த ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.

அவள் கணவன் தாணுலிங்கம் கார்கில் சண்டையில் காயப்பட்டு வந்து, படுக்கையிலேயே கிடந்து போய்ச் சேர்ந்தவன். பிள்ளை இல்லை. பார்வை போன மாமியாரும் அவளும்தான். அவன் பென்சன் வந்தால்தான் அடுப்பு எரியும்.

சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் பக்கத்துத் தெரு ராஜகுமார் வாத்தியார். கல்யாணமே செய்துகொள்ளாதவர். கொடுமையைப் பாருங்கள், அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டவரும் அவர்தான்.

"பகவதி, நாம கெட்டிக்கிடுவோமா? அம்மையையும் நான் பாத்துக்கிடுவேன்."

"பென்சன் நின்னுபோவும்லா சாரே. அது மவன் காசு. வேற காசுல அம்மைக்குச் சோறு எறங்காது."

அதன் பிறகும் வருடம் தவறாமல், இவளுக்கு மறுமணம் ஆகவில்லை என்று அவரே கையெழுத்துப் போட்டார். எப்படித்தான் மனசு வந்ததோ! தலை நரைத்த பிறகு இன்னொரு தடவையும் கேட்டுப் பார்த்தார். அதே பதில்தான்.

இந்த ஆடியில் நெஞ்சுவலி வந்து வாத்தியார் செத்துப்போனார். பகவதி கூட்டத்தோடு கூட்டமாக நின்றாள். வாய்விட்டு அழுதால் ஊர் சும்மா விடுமா? முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

நவம்பரில் நாகர்கோவில் பென்சன் அலுவலகத்துக்குப் போனாள். அங்கே ஷிபா என்று ஒரு பெண், நல்ல மாதிரி.

"சாட்சி போடுகவரு போயிட்டாரு மக்கா. இனி யாருட்ட வாங்க?"

"அதுக்கா இவ்வளவு விசாரம்? பாரம் இன்னும் பழசுதான், தெரிஞ்சவங்க யாரு போட்டாலும் போதும். பிள்ளை இல்லாதவங்க மறுபடி கெட்டினாலும், அவங்களுக்குன்னு வேற வருமானம் இல்லேன்னா பென்சன் நிக்காது அக்கா. ரூல் மாறி எத்தனையோ வருஷமாச்சே."

வாத்தியார் இரண்டாவது தடவை கேட்டது ரூல் மாறியதற்கு அப்புறம்தான். யாரிடமாவது ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம். ஆனால் இதைப் போய் என்னவென்று கேட்பாள்? கேட்டாலே ஒரு கதை கட்டிவிடுவார்களே. அந்த வெட்கத்திலேயே இரண்டு பேர் வாழ்க்கையும் போயிற்று.

ஆடியில் அடக்கிய அழுகை அத்தனையும் அங்கே உடைந்தது. ஷிபா பதறி எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தாள்.

"வீட்டுக்காரர நெனச்சிட்டியளா அக்கா?"

"ஆமா மக்கா" என்றாள் பகவதி. ராஜகுமாரை அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.