சத்தமில்லாத ஜெனரேட்டர்

இருபத்தெட்டு வருடம் பள்ளிக்கூடத்தில் மின்சாரப் பாடம் நடத்தியவள் நான். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் அந்த இடத்தை நானே நிரப்பிக்கொண்டேன் போலிருக்கிறது.

என் கணவருக்கு தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் ஜெனரேட்டர் ஓட்டுகிற வேலை. ஊரில் தினமும் கரண்ட் போன காலம் அது. கரண்ட் போய்ப் பத்து எண்ணுவதற்குள் கடையில் விளக்கு எரிந்தாக வேண்டும். பட்டுப்புடவையைக் கையில் பிடித்திருப்பவள் இருட்டில் மனசு மாறிவிடுவாள் என்று முதலாளிக்குப் பயம். கடைக்குப் பின்னால் இருந்த சந்தில் டீசல் புகைக்குள் நின்றே இவருடைய வயசு போனது. நுரையீரல் இறுகிவிட்டது என்றார் டாக்டர். புகைதான் காரணமா என்று கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சைதாப்பேட்டையில் ஆற்றுக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. நாங்கள் மாடியில், கீழே ஆட்டோ ஓட்டுகிற ஒருவர் வாடகைக்கு. மாடியில் இவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து மூக்குக் குழாயில் அனுப்புகிற மிஷின். அதற்குக் கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் மாட்டுவதற்கு ஒரு சின்ன சிலிண்டர் வைத்திருந்தோம்.

அந்த வருடம் தெருவே பச்சைக்கு மாறிக்கொண்டிருந்தது. கீழ்வீட்டுக்காரர் பழைய ஆட்டோவைக் கொடுத்துவிட்டு, பச்சை நம்பர் பிளேட் போட்ட பேட்டரி ஆட்டோ வாங்கினார். எதிர்வீட்டு மொட்டைமாடியில் சோலார் ஏறியது. புகையே இல்லாத கரண்ட் என்றதும் இவருக்கு ஆசை வந்துவிட்டது. "நமக்கும் போடலாமே," என்றார், ஒரு வாக்கியத்துக்கு மூன்று மூச்சு வாங்கி.

மாட்ட வந்த பையன் நல்லவன். வேலை முடிந்ததும், "இனிமே உங்களுக்குக் கரண்ட் கவலையே இல்ல மேடம்," என்றான். இவர் மொட்டைமாடிக்கு மெதுவாக ஏறிவந்து பேனல்களைத் தடவிப் பார்த்தார். "சத்தமில்லாத ஜெனரேட்டர்," என்று சிரித்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் பெயர். அதே வாரம், உப்பிப்போயிருந்த பழைய இன்வெர்ட்டர் பேட்டரியைக் காயலான் கடைக்குத் தள்ளிவிட்டேன். புதிது வாங்கவில்லை. பகலில் கரண்ட் போனால் சூரியன், ராத்திரியில் போனால் சிலிண்டர். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

இரண்டு மாதத்தில் புயல் வந்தது. அதுவரை பகலில் ஒரு தடவைகூடக் கரண்ட் போகவில்லை. காலையில் கரண்ட் போனதும் மிஷின் நீளமாக ஒரு முறை கத்திவிட்டு நின்றது. சிலிண்டரை மாட்டினேன். கீழ்வீட்டுக்காரர் மனைவியையும் பிள்ளைகளையும் முந்தின நாளே திருவல்லிக்கேணியில் மாமியார் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். ஆட்டோவை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்தக் கிளம்பியவர் மாடிக்கு வந்தார்.

"டீச்சர், கணுக்கால் தண்ணிதான் கீது. சாரை ஆஸ்பத்திரில வுட்டுட்டு அப்பால பாலத்துக்குப் போறேன். ஏறி வாங்க."

"வேண்டாம்ப்பா. சோலார் இருக்கே. மேகம் கொஞ்சம் விலகினா ஓட ஆரம்பிச்சிடும்."

"நெஜமாவா டீச்சர்?"

"நான் சயின்ஸ் டீச்சர்," என்றேன். ஐயோ, அந்த வார்த்தையை இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அவர் தனியாகப் போய் வண்டியைப் பாலத்தில் விட்டுவிட்டு நடந்தே திரும்பினார். மதியத்துக்குள் முட்டி ஆழம். சாயங்காலம் ஆறு ஏறி இடுப்புக்கு வந்தது. அவரும் தட்டுமுட்டுச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு எங்கள் மாடிக்கே வந்துவிட்டார். சிலிண்டரிலிருந்து வருவதை நிமிடத்துக்கு இரண்டு லிட்டரிலிருந்து ஒன்றுக்குக் குறைத்தேன். அப்படி வைத்தால் மறுநாள் மதியம் வரை வரும். இவருடைய உதடு லேசாக நீலம் பாய்ந்தது. "நாளைக்கு வெயில் வந்துடும்," என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். இவர் தலையை ஆட்டினார். நான் சொன்னால் இவர் நம்பிவிடுவார். அதுதான் என் துரதிர்ஷ்டம்.

வெயில் வந்தது. மறுநாள் காலையில் வானம் கழுவிவிட்ட தட்டு மாதிரி இருந்தது. மொட்டைமாடிக்கு ஓடி, பேனல்கள் மேல் ஒட்டியிருந்த இலைகளைப் புடவைத் தலைப்பால் துடைத்தேன். தொட்டால் சுட்டது. கீழே வந்து மிஷினைப் போட்டேன். ஓடவில்லை. சுவரில் இருந்த சோலார் பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் விட்டுவிட்டு எரிந்தது. போட்டேன், அணைத்தேன், மறுபடி போட்டேன். இவர் விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கிற கருவி தொண்ணூறுக்குக் கீழே இறங்கக் கூடாது. எழுபத்தெட்டு காட்டியது.

போனில் கொஞ்சம் உயிர் இருந்தது. அந்தப் பையனைக் கூப்பிட்டேன்.

"மேடம், இது வெளிய கரண்ட் இருந்தாத்தான் ஓடும். லைன் போச்சுன்னா தானா நின்னுடும்."

"கரண்ட் கவலையே இல்லேன்னு நீதானே சொன்னே?"

"பில்லைச் சொன்னேன் மேடம்."

நாம் எல்லாவற்றுக்கும் கரண்ட் என்றுதான் சொல்கிறோம். 'கரண்ட் கட்டியாச்சா' என்றால் பில், 'கரண்ட் வந்தாச்சா' என்றால் விளக்கு. அவன் ஒன்றைச் சொன்னான், நான் இன்னொன்றைக் கேட்டேன். போதாததற்கு நாங்கள் அதை ஜெனரேட்டர் என்று வேறு அழைத்தோம். கரண்ட் போனதும் ஓடுவதற்குத்தானே ஜெனரேட்டர்? கரண்ட் போனால் தானும் சேர்ந்து நின்றுவிடும் ஒன்று உலகத்தில் இருக்கும் என்று என் கணவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

"ஏன் நிக்குது?" என்று கத்தினேன்.

"லைன்மேனுக்காக மேடம். நம்ம பேனல் கரண்ட் தெருவுக்குப் போச்சுன்னா, அங்க கை வெச்சிருக்கிறவர் அவ்ளோதான்."

"அதை நிறுத்தற பாகத்தை எப்படிக் கழட்டறதுன்னு சொல்லு."

"மேடம், யாராவது செத்துடுவாங்க."

"சாகட்டும். எனக்கு இவர் வேணும். சொல்லுடா!"

அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் செய்திருப்பேன். இதை மழுப்பி எழுத எனக்கு மனசில்லை. ஸ்க்ரூ டிரைவர் என் கையில்தான் இருந்தது. போன் அணைந்துபோனது.

ஜன்னலுக்கு ஓடினேன். தெருமுனை மின்பெட்டிக்குப் பக்கத்தில், இடுப்பளவுத் தண்ணீரில், எங்கள் தெரு லைன்மேன் நின்றுகொண்டிருந்தார். ஒவ்வொரு பொங்கலுக்கும் இனாம் கேட்டு வருபவர். சம்பளம் வாங்கவில்லையா என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் நான் கேட்டுவிட்டுத்தான் கொடுப்பேன். அவர் மின்பெட்டியின் கதவைத் திறந்து, உள்ளே கை விட்டுக்கொண்டிருந்தார்.

"கரண்ட்டைக் குடுங்க!" என்று அலறினேன்.

"பொட்டிக்குள்ள தண்ணி நிக்குது டீச்சர். குடுத்தா தெருவே காலி."

கீழ்வீட்டுக்காரர்தான் தண்ணீரில் இறங்கிப் போய் அவரிடம் விஷயத்தைச் சொன்னார். அடுத்த நிமிடம் இருவரும் மாடியில் இருந்தார்கள். இவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நெஞ்சோடு சேர்த்து ஒரு வேட்டியால் கட்டினார்கள். முன்னால் லைன்மேன், பின்னால் கீழ்வீட்டுக்காரர். நாற்காலியைத் தோளுக்குத் தூக்கிக்கொண்டார்கள். சிலிண்டரை நான் கட்டியணைத்துக்கொண்டு நடந்தேன். முள் ஏற்கெனவே பூஜ்யத்தைத் தொட்டிருந்தது. இவருடைய தலை முன்னால் லைன்மேனின் பக்கம் சரிந்திருந்தது. "சார், தூங்காதீங்க சார், இன்னாவது பேசிக்கினே வாங்க சார்," என்று அவர் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் எந்தச் சாமியையும் கூப்பிடவில்லை. கூப்பிட எனக்கு வாய் இல்லை. பஜார் ரோட்டு மேட்டில், வெள்ளத்துக்காக நிறுத்தி வைத்திருந்த ஆம்புலன்ஸ் நின்றிருந்தது.

பிழைத்துக்கொண்டார். அப்படித்தான் சொல்ல வேண்டும். முன்பு இரண்டு லிட்டர் போதும், இப்போது நான்கு வேண்டும். மொட்டைமாடி ஏறுவது போய்விட்டது, வாசல்வரை வருவதும் போய்விட்டது. அன்று காலை கணுக்கால் தண்ணீரில் ஆட்டோ ஏறியிருந்தால் என்று நான் நினைக்காத நாள் இல்லை. இவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன். வீட்டில் இப்போது புது பேட்டரி இருக்கிறது. வானம் கறுத்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுகிறோம்.

பொங்கலுக்கு லைன்மேன் வந்தார். இந்தத் தடவை அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே பணத்தை நீட்டினேன். உள்ளேயிருந்து இவர், "உக்காரச் சொல்லு, காபி குடு," என்றார். காபியைக் கொடுத்துவிட்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சார் தேவலயா டீச்சர்? சோலாரு ஓடுதா?"

"ஓடுது."

"நல்ல மிஷினு டீச்சர் அது. ஜெனரேட்டர் வெச்சிக்கீற வூட்டாண்டதான் எங்களுக்கு பேஜாரு, எப்ப திருப்பி அடிக்கும்னே தெரியாது. இதுன்னா, நாங்க லைன்ல கை வெக்கறப்ப அதுவா நின்னுக்குது. உங்க வூட்டு லைன்னா நான் பயமில்லாம கை வெப்பேன்."

தெரியும் என்றேன்.